தணிக்கை தணிப்பதற்கன்று

உலகில் எதுவும் ஒரே கடுமையுடன் நிலைத்திருப்பதில்லை. உச்சி வெயில் பிற்பகலில் தாழ்கின்றது. மழை ஓய்கின்றது, காற்று அடங்குகின்றது. காய்ச்சல் தணிகின்றது, வீக்கம் வடிகின்றது. கொதித்த பால் ஆறுகின்றது, அரிவாள் மழுங்குகின்றது, சேலையின் நிறம் மங்குகின்றது, பாவுக்குக் காய்ச்சிய கஞ்சி நீர்த்துப்போகின்றது. கூர்மையோ ஒளியோ வேகமோ வெப்பமோ குறைவதையே இவை யாவும் குறிக்கின்றன. எனினும், அரிவாள் தணிந்தது என்றோ காய்ச்சல் மழுங்கியது என்றோ எவரும் கூறார். எது குறைந்தது, எவ்வாறு குறைந்தது என்பதை நம் மொழியில் சொல்லே காட்டிவிடுகின்றது.

அத்துடன் நில்லாமல், யார் குறைத்தனர் என்பதைக் காட்டவும் தமிழில் வழியுண்டு. ஆறியது, ஆற்றினாள், அடங்கியது, அடக்கினர், தணிந்தது, தணித்தனர், மழுங்கியது, மழுக்கினர், குறைந்தது, குறைத்தனர். பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்த இலக்கணமே இது. ஓரெழுத்து வலித்தால் போதும். செய்தவர் வாக்கியத்தினுள் வந்து நின்றுவிடுவார்.

இலக்கணப் பாடம் கூட்டுறவு ஏட்டில் எதற்கு என்று அன்பர்கள் வினவலாம். ஆய்வுக்குச் செல்லும் நாம் சங்கங்களின் நடவடிக்கைப் புத்தகங்களைப் புரட்டுந்தோறும் காண்பது இதனையே: அங்கே எதையும் எவரும் குறைப்பதில்லை, எல்லாம் தாமாகவே குறைந்துவிடுகின்றன. நூல் இருப்பு “சற்றுக் குறைந்து காணப்படுகின்றது.” கடன் வசூலில் “சிறிது தொய்வு ஏற்பட்டுள்ளது.” விற்பனை “மந்தமடைந்துள்ளது.” ஜவுளியின் நிறம் “ஓரளவு மங்கியுள்ளது.” வெயில் தாழ்வதைப் போலவும் மழை ஓய்வதைப் போலவும் இவை எழுதப்படுகின்றன. வெயில் தாழ்ந்ததற்கு யாரிடம் விளக்கம் கேட்பது?

விவசாய அங்கத்தினர் நன்கறிந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். களத்திலிருந்து வந்த நெல் கிடங்கில் காயக் காய எடை இழக்கும், இது இயற்கை. 17 சதவீதம் ஈரமுள்ள 100 கிலோ நெல், 14 சதவீத ஈரத்திற்குக் காய்ந்தால் ஏறத்தாழ 96½ கிலோவாக நிற்கும். ஈரம் நீங்கிய 83 கிலோ இரு நிலையிலும் மாறாதாகையால், பள்ளிச் சிறுவனும் இக்கணக்கைப் போட்டுவிடலாம். ஆகவே 3½ கிலோ குறைந்தது என்று எழுதுவது நேர்மையே. எலிக்கு இவ்வளவு, சிந்தலுக்கு இவ்வளவு என்று கண்டறிந்து தனித்தனியே எழுதுவதும் நேர்மையே. அதற்கும் அப்பால் 5 கிலோவைக் காணோமென்றால், அதையும் “காய்ந்து குறைந்தது” என்ற ஒரே சொல்லில் மூட்டை கட்டிவிடக் கூடாது.

நெசவாளரின் பாடும் இதுவே. சாயம் மங்கிய சேலை திரும்பி வந்தால் நட்டம் சங்கத்திற்கு; அடுத்த பாவு தாமதமாவது தறிக்காரருக்கு. சாயமேற்றிய நூலைச் சோப்பு நீரில் காய்ச்சி, இழையில் பற்றாமல் மேலே ஒட்டிநிற்கும் சாயத்தை நீக்க வேண்டும் என்பது பட்டறையில் உள்ளோர் யாவரும் அறிந்தது. விறகும் நேரமும் மிச்சமென்று அதனை விட்டுவிட்டால் முதல் சலவையிலேயே சாயம் கசியும். இவ்வாறு வந்த குறையை “நிறம் மங்கியது” என்று எழுதுவது எப்படிப் பொருந்தும்? மங்கச் செய்தோம் என்பதன்றோ சரியான சொல்? சோதனைக்கூடத்தாரைப் பாருங்கள். அவர்கள் “ஓரளவு” என்று எழுதுவதில்லை. சலவைக்கு நிறம் நிற்கும் உறுதியை 1 முதல் 5 வரையும், ஒளிக்கு நிற்கும் உறுதியை 1 முதல் 8 வரையும் எண்ணிட்டுக் கூறுகின்றனர். எண் உயர்ந்தால் உறுதி மிகுதி. எண்ணுக்கு முன்னே சாக்குச் செல்லாது.

உண்மையைக் கூறினால் சரக்கு விலைபோகாது என்று சிலர் அஞ்சுகின்றனர். நம் மாநிலத்துக் கைத்தறியே இதற்கு விடையளித்திருக்கின்றது. 1960-களில் அமெரிக்கச் சந்தையில் மதராஸ் கட்டம்போட்ட துணி பெரிதும் விரும்பி வாங்கப்பட்டது. அதன் சாயம் சலவையில் கசிந்து, ஒரு கட்டத்தின் நிறம் மற்றொன்றில் பரவி, மென்மையாகும். அதனை மறைக்காமல், “சாயம் கசியும் என்பதற்கு உறுதி” என்று வெளிப்படையாகக் கூறியே விற்றனர். முன்னரே அறிந்து வாங்கியவருக்கு அது அழகாயிற்று. அறியாமல் வாங்கியவருக்கு அதுவே ஏமாற்றம்.

மற்றொரு தடையும் உண்டு. செயலாளர் நம் உறவினர். தலைவர் நம் தெருக்காரர். கடுமையாக எழுதினால் ஊரில் மனத்தாங்கல் வருமே என்பர். இதில் பாதி உண்மை. சான்றில்லாமல் கையாடல் என்று எழுதுவது, சான்றிருந்தும் சுணக்கம் என்று எழுதுவதற்கு ஒப்பான பொய்யே. நாம் வேண்டுவது கடுஞ்சொல்லன்று, உரிய சொல். பேரவையில் எழும் சினத்தைத் தணிக்கலாம், தணிக்கவும் வேண்டும். கணக்கைத் தணிக்கலாகாது. நூல் இருப்பு 40 கிலோ குறைவு, பொறுப்பிலிருந்தவர் இன்னார், கடைசியாக எடை பார்த்த நாள் இன்னது என்று மூன்று வரி எழுதினால், அதில் எவர் மனமும் புண்பட இடமில்லை. நிரபராதிக்குங்கூட அதுவே காப்பு. யார் என்று எழுதாத குறை, ஊரார் வாயில் எல்லார் மேலும் விழும் பழியாகிவிடுகின்றது.

சட்டமும் இவ்வாறே எதிர்பார்க்கின்றது. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தில் 81-ஆம் பிரிவு விசாரணைக்கும், 87-ஆம் பிரிவு தண்டத்தீர்வைக்கும் வழி வகுக்கின்றன. சங்கத்திற்கு நட்டம் விளைத்தவர் இன்னார் என்று நிறுவினாலன்றித் தண்டத்தீர்வை விதிக்க இயலாது. குறைந்தது, மங்கியது, தளர்ந்தது என்று மட்டும் நிரம்பிய அறிக்கையை வைத்துக்கொண்டு யார்மீது விதிப்பது? இழந்த தொகையோ அங்கத்தினரின் பங்குத்தொகையிலும் கூலியிலும் போய் விடிகின்றது.

தணிக்கை என்னும் சொல்லைத் தணித்தல் என்பதிலிருந்து பிறந்ததாகப் பலர் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று, ஆராய்ந்து சீர்செய்தல் என்னும் பொருளுடைய அரபுச் சொல் ஆட்சி வழக்கின் வழியே நம்மிடம் வந்து இவ்வுருப் பெற்றது என்பர். தணிக்கை ஆராய்வதற்கு, தணிப்பதற்கன்று.

ஆகவே அங்கத்தினர்களுக்கு நாம் கூறுவது இதுவே. அடுத்த பேரவையில் அறிக்கை வாசிக்கப்படும்பொழுது செவி கொடுத்துக் கேளுங்கள். “குறைந்தது” என்று வந்தால், எவ்வளவு என்று கேளுங்கள். எப்பொழுதிலிருந்து என்று கேளுங்கள். குறைந்ததா, குறைக்கப்பட்டதா என்று கேளுங்கள். விடையை நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதச் செய்து, எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்ட பின்னரே கையொப்பமிடுங்கள். தறியில் ஓரிழை அறுந்தால் அப்பொழுதே முடிச்சிடுபவர்கள் நீங்கள். ஏட்டிலும் அவ்வாறே செய்க.