பெயர் எழுதப்படாத படங்கள்

குளிர்காலம் தொடங்கியதும் சாந்த்ராகாச்சி ஏரிக்குப் பறவைகள் கூட்டங்கூட்டமாக வருகின்றன. எந்த ஆண்டில் எத்தனை பறவைகள் வந்தன என்பதை ஆர்வலர்கள் எண்ணிக் குறித்து வைக்கின்றனர். அவ்வேரியைச் சுற்றி வாழும் தமிழ்க் குடும்பங்களோ, தம் முன்னோர் எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், எதற்காக வந்தனர் என்பதைப் பெரும்பாலும் எழுதி வைப்பதில்லை. அச்செய்திகள் பாட்டியின் நினைவிலும், பெட்டிக்குள் கிடக்கும் சில ஒளிப்படங்களிலுமே தங்கியுள்ளன. அந்த நினைவு மறையுமுன் படங்களில் உள்ளோரின் பெயர்களைக் கேட்டு எழுதுவது குடும்பத்து இளையோரின் கடமையாகும்.

தமிழர்க்கு இப்பணி மிகவும் தேவையானது. வங்காளிகளிடையே கோஷ், முகர்ஜி போன்ற குடும்பப் பெயர்கள் தலைமுறைதோறும் தொடர்கின்றன. தமிழரிடையே தந்தையின் பெயர் முதலெழுத்தாக நிற்கிறது. அடுத்த தலைமுறையில் அவ்வெழுத்தும் மாறிவிடுகிறது. பாட்டனின் பெயரை மகனின் மகனுக்கு இடுவதும் பழைய வழக்கம். ‘பெயரன்’ என்னும் சொல்லே ‘பேரன்’ என மருவியது. ஆகவே ஒரே குடும்பத்தில் இரண்டு முத்தையாக்கள் இருக்கலாம். பழைய பத்திரத்தில் காணும் முத்தையா பாட்டனா, பேரனா என்பதைப் பெயர் மட்டும் கூறாது. பெயரும் ஆண்டும் எழுதிய படங்கள் இருப்பின், அவ்விருவரையும் பிரித்தறிவது எளிதாகும்.

படத்திலேயே சில சான்றுகள் உண்டு. பழைய படங்கள் பல தடித்த அட்டையில் ஒட்டப்பட்டு, ஒளிப்பட நிலையத்தின் பெயரும் ஊரும் அச்சிடப்பட்டிருக்கும். குடும்பம் அக்காலத்தில் எப்பகுதியில் வாழ்ந்தது என்று தேடுவதற்கு அதுவே முதற்படி. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், 1880 முதல் 1980 வரை தமிழக ஒளிப்பட நிலையங்களில் எடுக்கப்பட்ட படங்களைத் தேடி எண்மப் படிகளாக்கியது. அழியும் நிலையிலுள்ள ஆவணங்களைக் காக்கும் பிரித்தானிய நூலகத்தின் திட்டம் அதற்குத் துணைநின்றது. எளிய குடும்பத்தின் படமும் வரலாற்று ஆவணமே என்பதை இப்பணி உணர்த்துகிறது.

படம் எடுத்த நிலையமே அதனைக் காக்கும் என்று நம்பியிருத்தல் இயலாது. கொல்கத்தாவில் புகழ்பெற்று விளங்கிய போர்ன் அண்ட் ஷெப்பர்ட் நிலையத்தில் 1991-ஆம் ஆண்டு நேர்ந்த தீவிபத்தில் பழைய படங்கள் பல அழிந்தன. 2016-ஆம் ஆண்டில் அந்நிலையமே மூடப்பட்டது.

படம் சொல்வதெல்லாம் உண்மையா என்னும் ஐயம் எழலாம். அது நியாயமான ஐயமே. பின்னே தெரியும் மாளிகை திரையில் தீட்டிய ஓவியமாக இருக்கலாம். மேசைக் கடிகாரமும் அணிந்திருக்கும் கோட்டும் நிலையத்தாருடையவையாக இருக்கலாம். படத்தில் இல்லாதவர்களும் உண்டு. வெளியூருக்குப் பிழைக்கச் சென்றவர், அன்று வர இயலாதவர், படமெடுக்கப் பணமில்லாத உறவினர் ஆகியோரும் அக்குடும்பத்தைச் சேர்ந்தவர்களே. ஆதலால், “இவர் யார்?” என்று கேட்பதோடு, “இதில் இல்லாதவர் யார்?” என்றும் கேட்டல் வேண்டும்.

விடையை எழுதுவதிலும் கவனம் தேவை. ‘அத்தை’ என்று மட்டும் எழுதினால் போதாது. ஒருவர்க்கு அத்தையானவர் மற்றொருவர்க்கு அம்மா, வேறொருவர்க்குப் பாட்டி. வங்கமொழியில் தந்தையின் உடன்பிறந்தவள் ‘பிசி’. தாயின் உடன்பிறந்தவள் ‘மாசி’. தமிழிலும் அத்தை, சித்தி, பெரியம்மா என உறவுகள் தெளிவாகப் பிரிந்துள்ளன. ‘ஆன்ட்டி’ என்று எழுதினால் அத்தெளிவு முழுவதும் போய்விடும். பெண்களின் இயற்பெயரைக் கட்டாயம் கேட்டு எழுத வேண்டும். எல்லாரும் ‘ஆச்சி’ என்றே அழைத்த ஒருவரின் பெயரைக் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் அறியாமலே போவது பல வீடுகளில் நிகழ்கிறது. அவர் பெயர் இல்லாத கொடிவழி பாதிக் கொடிவழியே ஆகும்.

அலைபேசியில் படி எடுத்தால் போதாதா எனச் சிலர் வினவுவர். கொல்கத்தாவின் மழைக்கால ஈரத்தில் படங்களில் பூஞ்சை படர்வதால், படி எடுத்து வைப்பது நல்லதே. ஆயினும் பெயரில்லாத படம் அலைபேசியிலும் பெயரில்லாத படமே. படத்தின் பின்புறத்தில், மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதி, அப்பக்கத்தையும் படி எடுத்தல் வேண்டும். கண்ணாடியோடு ஒட்டிய படத்தைப் பிய்த்தெடுக்கலாகாது. கண்ணாடியோடு சேர்த்தே படி எடுத்து, செய்திகளைத் தனித்தாளில் எழுதலாம்.

விடுமுறையில் சொந்த ஊர் செல்லும் மாணவர்க்கு, தாத்தா பாட்டியின் அருகில் அமர்ந்து பெட்டியைத் திறக்க ஒரு மாலைப்பொழுது போதும். படம் இன்னும் பல ஆண்டுகள் இருக்கலாம். படத்திலுள்ள முகங்களைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்தவர் அத்தனை காலம் இருப்பார் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே இப்போதே கேட்டல் வேண்டும்.

அருஞ்சொற்பொருள்

கொடிவழி – தலைமுறை வரிசை
மருவுதல் – சொல் வடிவம் திரிந்து வழங்குதல்
எண்மப் படி – கணினியில் சேமிக்கும் நகல்
இயற்பெயர் – பெற்றோர் இட்ட பெயர்

சிந்தித்து எழுதுக

1. பெயரை மட்டும் கொண்டு தமிழ்க் குடும்பங்களின் கொடிவழியை அறிவது ஏன் கடினம்?
2. ஒளிப்படத்தை அப்படியே நம்பலாகாது என்பதற்குக் கூறப்படும் காரணங்கள் யாவை?
3. வீட்டிலுள்ள ஒரு பழைய படத்தைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டு, பெயர், உறவு, ஊர், ஆண்டு, சொன்னவர் பெயர் ஆகியவற்றுடன் பத்து வரிகள் எழுதுக.