பூ வேண்டாம்னாங்க... சென்ட் வேண்டாம்னு யாரும் சொல்லலையே!

சந்தனம், சாம்பிராணி, மல்லிகை, வெனிலா. துபாயில் இருந்தோ மஸ்கட்டில் இருந்தோ லீவுக்கு வருகிறவர்கள் எடுத்துக் கொடுக்கும் கனமான சென்ட் பாட்டில்களில் இவைதான் மாறி மாறி இருக்கும். பூவைவிட மரமும் பிசினும் தூக்கலாக மணக்கும் இந்த வகைக்கு வாசனைத் தொழிலில் நீண்ட காலமாக இருந்த பெயர், 'ஓரியன்டல்'. அதாவது, கிழக்கத்திய வாசனை.

மேற்கில் இருப்பவர்களுக்கு இது எங்கோ தூரத்து ஊரின் மணம். நமக்கோ இது வெள்ளிக்கிழமை வீட்டின் மணம்!

அலமாரியில் கிடந்த பாட்டில்

வேலூரில் இருந்து ஆரணிக்கும் திருவண்ணாமலைக்கும் போகும் வழியில் இருக்கிறது கண்ணமங்கலம். ஆரணிப் பட்டு நெய்யும் ஊர். இங்கே தறி உள்ள ஒரு வீட்டில், அறுபதை நெருங்கும் அம்மா ஒருவர். மகன் தறியில் உட்கார, இவர் பக்கத்தில் தார் சுற்றிக் கொடுப்பார். கணவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது.

ஷார்ஜாவில் வேலை பார்க்கும் தங்கை மகன் ஊருக்கு வந்தபோது, பெரியம்மாவுக்கும் ஒரு சென்ட் பாட்டில் கொடுத்தான். "எனக்கெதுக்குடா இதெல்லாம்" என்று வாங்கி வைத்தவர், நான்கு மாதம் அதைத் திறக்கவே இல்லை. காரணம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பூ வைக்காத தலை. கல்யாண வீட்டு வாசலில் சந்தனக் கிண்ணம் இவர் பக்கம் நீளாது. மணக்கும் எதுவும் தனக்கானது இல்லை என்று ஊர் சொல்லாமலே சொல்லிவிட்டது. அவரும் கேட்காமலே ஒப்புக்கொண்டுவிட்டார்.

ஒரு நாள் மருமகள்தான் பாட்டிலைத் திறந்தார். "பூ வெக்கக் கூடாதுன்னுதானே சொன்னாங்க அத்தை? சென்ட் அடிக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே!" மணிக்கட்டில் ஒரே ஒரு தெளிப்பு.

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று

முதல் ஐந்து நிமிடம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. ஆரஞ்சுத் தோலை உரித்து மூக்கருகே பிழிந்த மாதிரி ஒரு காரம். கூடவே ஊசி போடும் முன் துடைக்கும் ஸ்பிரிட் வாடை. 'கழுவிடலாமா' என்று யோசித்துக்கொண்டே வேலையைப் பார்த்தார். அரை மணி நேரத்தில் காரம் அடங்கி, பூ வந்தது. ரோஜாவா, மல்லிகையா என்று பிரித்துச் சொல்ல முடியாத, பந்தலில் கட்டிய பூ மாதிரி.

மதியத்துக்கு மேல்தான் ஆச்சர்யம். நூலை எடுக்கக் கை நீட்டும்போதெல்லாம், தலைக்குக் குளித்துச் சாம்பிராணிப் புகை காட்டிய கூந்தலின் மணம். பட்டு நூலின் வாடைக்கு நடுவே அது தனியாகத் தெரிந்தது. சாயங்காலம் மிச்சமிருந்தது சந்தனமும், பாலைச் சுண்டக் காய்ச்சிய மாதிரி ஓர் இனிப்பும்.

பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, வீடே மணக்குது? சாம்பிராணி போட்டியா?" என்றார். "ஆமா" என்று சொல்லிவிட்டார் அம்மா. அடுத்த வாரமும் அதே கேள்வி வந்தது. இந்த முறை பதில் மாறியது. "இல்லடி, சென்ட்டு. தங்கச்சி பையன் குடுத்தான்."

அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஒரே பாட்டில், மூன்று வாசனை ஏன்?

சென்ட்டில் உள்ள எல்லாப் பொருள்களும் ஒரே வேகத்தில் ஆவியாவதில்லை. எலுமிச்சை, ஆரஞ்சு வகை எண்ணெய்கள் லேசானவை, முதலில் பறந்துவிடும். அடுத்து பூக்கள். சந்தனம், சாம்பிராணி, வெனிலா, பச்சோலி போன்றவை கனமானவை. தோலின் சூட்டில் மெல்ல மெல்ல வெளியேறும். ஓரியன்டல் வகையில் இந்த அடிச்சரக்குதான் அதிகம். அதனால்தான் காலையில் அடித்தது இரவு வரை நிற்கிறது. துணியில் பட்டால் மறுநாளும் மணக்கிறது.

அட்டைப்பெட்டியில் 'அம்பர்' என்று இருந்தால் அது ஒரே பொருள் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் சாம்பிராணி, வெனிலா, லாப்டனம் என்ற செடியின் பிசின் ஆகியவற்றைச் சேர்த்து உருவாக்கும் கூட்டு மணம் அது.

துணியோடு போன வாசனை

ஐரோப்பாவுக்கு இந்த மணம் போய்ச் சேர்ந்த கதையில் துணிக்கும் பங்கு உண்டு. 19-ம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்து கப்பலில் போன சால்வைகளைப் பூச்சி அரிக்காமல் இருக்க, பச்சோலி இலையை இடையில் வைத்துக் கட்டினார்கள். அந்த மணம் இருந்தால்தான் அசல் இந்தியச் சால்வை என்று அங்கே நம்பும் அளவுக்குப் போனது. பச்சோலி என்ற பெயரே தமிழில் இருந்து போனது என்கின்றன ஆங்கில அகராதிகள்.

1925-ல் பாரிஸின் கெர்லேன் நிறுவனம் அறிமுகப்படுத்திய 'ஷாலிமார்' இந்த வகையின் முன்னோடிகளில் ஒன்று. பெயர், முகலாயர்களின் ஷாலிமார் தோட்டத்தில் இருந்து எடுத்தது. அதே நிறுவனம் 1989-ல் சந்தனத்தையும் மல்லிகையையும் முன்னிறுத்திக் கொண்டு வந்த சென்ட்டின் பெயர், 'சம்சாரா'!

'ஓரியன்டல்' என்ற சொல் கிழக்கு நாட்டு மக்களை வேடிக்கைப் பொருளாகப் பார்ப்பதாக விமர்சனம் வலுத்தது. வாசனை வகைகளைத் தொகுக்கும் நிபுணர் மைக்கேல் எட்வர்ட்ஸ், 2021-ல் தன் பட்டியலில் அதை எடுத்துவிட்டு 'அம்பர்' என்று மாற்றினார்.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு சொந்தக்காரர் உண்டு: ஜவ்வாது. கண்ணமங்கலத்துக்கு மேற்கே நீளும் மலைத்தொடரின் பெயரும் அதுவே. அந்தக் காலத்தில் ஜவ்வாது, புனுகு என்றால் புனுகுப்பூனையின் சுரப்பில் இருந்து வந்த வாசனைப் பொருள். இன்று கடையில் சின்ன டப்பாவில் கிடைப்பது வாசனைச் சரக்குகளைக் கலந்த பொடி. மேல்நாட்டுச் சென்ட்டிலும் ஒரு காலத்தில் அந்தச் சுரப்பு சேர்ந்தது. இப்போது பெரும்பாலும் ஆய்வகத்தில் செய்த மாற்றுதான்.

ஜவ்வாது மலை சந்தனத்துக்கும் பெயர்போனது. அரசின் சந்தனக் கிடங்கு திருப்பத்தூரில் இருக்கிறது. ஆனால், வெட்டிக் கடத்தியதில் காட்டில் தானாக வளர்ந்த மரங்கள் அருகிப்போயின. நம்முடைய அதே சந்தன மரத்தை இன்று ஆஸ்திரேலியாவில் தோட்டம் போட்டு வளர்த்து எண்ணெய் எடுக்கிறார்கள்.

பட்டுப்புடவை கட்டுபவர்கள் கவனத்துக்கு...

* சென்ட்டைப் புடவை மேல் அடிக்கவே கூடாது. அதில் உள்ள ஆல்கஹாலும் எண்ணெயும் பட்டில் கறையாக நிற்கும், ஜரிகையும் மங்கலாம். முதலில் தோலில் தெளித்து, நன்றாகக் காய்ந்த பிறகு புடவை கட்டுங்கள்.

* மணிக்கட்டு, முழங்கையின் உள்பக்கம், காதுக்குப் பின்புறம் ஆகியவை போதும். இந்த வகை சென்ட்டுக்கு ஒன்று அல்லது இரண்டு தெளிப்புக்கு மேல் தேவையே இல்லை. வெயில் நாளில் ஒன்றே அதிகம்.

* கடையில் அட்டையில் முகர்ந்ததும் வாங்கிவிடாதீர்கள். கையில் தெளித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு வந்து முடிவு செய்யுங்கள். உங்களோடு நாள் முழுக்க இருக்கப்போவது கடைசியில் வரும் மணம்தான்.

* தோல் அரிப்பு வந்தால் நிறுத்திவிடுங்கள். வீட்டில் ஆஸ்துமா, ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் இருந்தால், பேருந்தில் நெரிசலில் போவதாக இருந்தால், அன்றைக்குத் தவிர்த்துவிடலாம்.

* வெயில் படும் ஜன்னலோரத்தில் பாட்டிலை வைக்க வேண்டாம். சூடும் வெளிச்சமும் மணத்தைக் கெடுக்கும். இருட்டான அலமாரிதான் சரியான இடம்... ஆனால், நான்கு மாதம் திறக்காமல் வைக்க அல்ல!

* சிறிது நேரத்திலேயே நம் மூக்கு நம் வாசனைக்குப் பழகிவிடும். 'போயிடுச்சே' என்று மறுபடி அடிக்கும் முன், பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். உங்களுக்குத் தெரியாமல் போன மணம், அவருக்கு இன்னும் தெரிந்துகொண்டுதான் இருக்கும்.