நலவாழ்வுப் பகுதி: சர்க்கரையும் மனச்சோர்வும்

மலைக்காற்றும் உடலுழைப்பும் உள்ள இடத்தில் நீரிழிவு ஏது என்று நம் பெரியவர்கள் எண்ணியிருந்த காலம் ஒன்று உண்டு. இன்று அவ்வாறு எண்ணுவதற்கு இடமில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆதரவில் நடைபெற்று 2023-ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வின்படி, கேரளத்தில் வயது வந்தோருள் நூற்றுக்கு 25.5 பேருக்கு நீரிழிவு உண்டு. நாடு முழுவதற்குமான கணக்கு 11.4 தான். பொன்முடித் தேயிலைத் தோட்டங்களில் வாழும் நம்மவர் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல.

நீரிழிவு உள்ளவர்களுக்கு மனச்சோர்வு நேரும் வாய்ப்பு மற்றவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ இரு மடங்கு என்பர். சோர்வு மிகுந்தால் மருந்து மறக்கும், நடை நிற்கும், உறக்கம் குலையும். சர்க்கரை ஏறும். ஏறிய சர்க்கரை உடலை மேலும் அயர்த்தும். இந்தச் சுழலில் அகப்பட்டவரை வீட்டார் “வாய்க்கட்டு இல்லை” என்று கடிந்துகொள்கிறார்கள். மரச்சீனிக் கிழங்கை ஒளித்துவைக்கிறார்கள். நோயாளியின் மனவுறுதியில் குறை காண்பது எளிது. ஆனால் மனவுறுதியைத் தின்றுவிடுவதே அந்த நோயின் தொழில் என்பதை நாம் நினைப்பதில்லை.

இதற்குச் செய்யத்தக்கது உண்டா? உண்டு என்று காட்டிய ஆய்வு ஒன்று நம் நாட்டிலேயே நடந்தது. 2015-ஆம் ஆண்டு தொடங்கி, சென்னை, பெங்களூர், விசாகப்பட்டினம், டில்லி ஆகிய நான்கு நகரங்களில், நீரிழிவும் மனச்சோர்வும் ஒருங்கே உடைய 404 பேரை அதில் சேர்த்தனர். ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதியினருக்கு, மருத்துவரல்லாத, பயிற்சி பெற்ற உதவியாளர் ஒருவர் ஓராண்டுக்காலம் துணை நின்றார். அவர் அடிக்கடி நலம் விசாரிப்பார், மருந்து ஒழுங்காகச் செல்கிறதா என்று பார்ப்பார், நிலைமையை மருத்துவர்களிடம் எடுத்துரைப்பார். இரண்டாண்டு கழித்துப் பார்த்தபோது, சோர்வின் அறிகுறிகள் பாதியாகக் குறைந்து, சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றுள் ஒன்றேனும் சீரடைந்தவர்கள் துணை பெற்றோரில் நூற்றுக்கு 71.6 பேர், மற்றோரில் 57.4 பேர். புதிய மருந்தென்று எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. விசாரிக்க ஒருவர் இருந்தார், அவ்வளவே.

கல்லாற்றிலிருந்து 22 கொண்டையூசி வளைவுகள் ஏறி எவர் வந்து விசாரிப்பார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்த வேலையை மகளோ, மருமகனோ, அடுத்த லயத்துக்காரரோ ஏற்கலாம். “மாத்திரை போட்டாயா?” என்று அதட்டுவது விசாரிப்பாகாது. “வாருங்கள் மாமா, சாப்பிட்டபின் பத்து நிமிஷம் நடப்போம்” என்பது விசாரிப்பு. சோர்வுற்றவரிடம் எல்லாவற்றையும் ஒரே நாளில் எதிர்பார்க்கலாகாது. முதல் வாரம் மாத்திரை தவறாதிருந்தால் போதும். மாத்திரை டப்பாவைத் தேயிலை டப்பாவின் பக்கத்தில் வைத்தால் நினைவு தானே வரும். பசியில்லை என்று உணவைத் தவிர்த்துவிட்டு மாத்திரையை மட்டும் விழுங்குவோரும் உண்டு. சில மாத்திரைகளும் இன்சுலினும் அப்போது சர்க்கரையை அபாயகரமாகத் தாழ்த்திவிடும். மலைச்சரிவில் வேலை செய்வோர் மடியில் சிறிது வெல்லமோ சர்க்கரையோ வைத்துக்கொள்வது நல்லது. அட்டை கடித்த காலை மாலையில் வெளிச்சத்தில் பார்க்கவும் வேண்டும். உணர்ச்சி குன்றிய பாதம் புண்ணை அறிவிக்காது.

மருத்துவரிடம் கேட்கவேண்டியது ஒன்று. மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் உட்கொள்வோரில் சிலருக்கு பி12 வைட்டமின் குறையும். களைப்பும் மனவாட்டமும் அதனாலும் வரலாம். தைராய்டு குறைவும் அத்தகையதே. இவை இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

மொழியால் நேரும் இடர் வேறு. மருத்துவமனைப் பலகையில் ‘பிரமேஹம்’ என்றிருப்பது மலையாளத்தில் நீரிழிவு. தமிழில் அச்சொல்லுக்கு உள்ள பழைய பொருளை எண்ணி நம் பாட்டிமார் முகம் சுளிப்பர். “விஷமம் உண்டோ?” என்று நர்ஸ் கேட்டால் மனவருத்தம் உண்டா என்பது பொருள். நம்மவர், குறும்பு செய்தாயா என்று கேட்பதாக எண்ணி, “அதெல்லாம் ஒன்றுமில்லை அம்மா” என்று சிரித்துவிட்டு வந்துவிடுகிறார்கள். சொல்லியிருக்கவேண்டிய துயரம் அங்கேயே நின்றுபோகிறது. 2017-ஆம் ஆண்டு கேரள அரசு தொடங்கிய ‘ஆஸ்வாசம்’ திட்டத்தின்படி குடும்ப ஆரோக்கிய நிலையங்களில் மனச்சோர்வைக் கண்டறியச் சில கேள்விகள் கேட்பார்கள். மலையாளம் நன்கறிந்த பிள்ளை எவரேனும் உடன் செல்வது நலம். பெற்றோர் பிள்ளைமுன் வாய்திறக்கத் தயங்கினால், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவைக்கு, 14416 என்னும் எண்ணில், கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.