இரும்புக்கு எட்டுக் கணக்கு பொருந்தாது

சாதாரணதரத்தில் ஒரு விதி படிச்சிருப்பம்: உலோகம் இலத்திரனை இழந்து விழுமிய வாயுவின் அமைப்பைப் பெறும். சோடியத்துக்குச் சரி. இரும்பு ஆர்கனின் அமைப்புக்குப் போக எட்டு இலத்திரன்களை இழக்கவேணும். அது பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்றோடு நின்றுவிடுகிறது.

உயர்தரத்தில் இந்த முரண்பாட்டைப் பேசாமலே அட்டவணைக்குத் தாவுகிறோம். இரும்பு(2) இளம்பச்சை, இரும்பு(3) மஞ்சள் கபிலம், பாடமாக்கு. 4எஸ் முதலில் நிரம்பும், முதலில் காலியாகும், அதையும் பாடமாக்கு. ஏன் எண்டு கேட்டால், 'சோதினைக்கு வராது.'

இரும்பு கூடின கிணற்றுத் தண்ணியை அள்ளி வையுங்கோ. முதலில் தெளிவாத்தான் இருக்கும், பிறகு கபிலமாகும். கரைந்திருந்த இரும்பு(2) அயன் காற்றிலுள்ள ஒட்சிசனிடம் இன்னுமொரு இலத்திரனை இழந்து, இரும்பு(3) சேர்வையாகப் படிகிறது. வெள்ளைச் சட்டையில் பிடிக்கிற கறை அதுதான். வலிகாமத்துச் செம்மண்ணின் சிவப்பும் இரும்பு(3) ஒட்சைட்டுத்தான்.

சோடியத்தின் இரண்டாவது இலத்திரன் உள் ஓட்டில் இருக்கிறது, பிடுங்க ஏலாது. இரும்பின் 3டி, 4எஸ் சக்திமட்டங்களோ கிட்டக்கிட்ட. அதனால்தான் மூன்றாவதும் போகிறது. தாண்டல் மூலகங்களை அட்டவணையில் இல்லை, இந்த வாளியில் தொடங்கவேணும். அதுக்கு ஆய்வுகூடமும் தேவையில்லை.