பிடித்த காசு

மலைநாட்டு நகரமொன்றிலே, பஸ் நிலையத்துக்கு அப்பால் உள்ள தேநீர்க் கடையின் வாங்கில் அமர்ந்து, மடியிலிருந்த பொலித்தீன் பையை அவிழ்த்து, மடிப்புத்தோறும் கிழிந்துபோன சம்பளத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் அடுக்கிக் காட்டிய மூதாட்டியொருவரை அண்மையில் நாம் சந்திக்க நேர்ந்தது. அவர் பெயர் இங்கே வேண்டாம். எந்தத் தோட்டம், அரசாங்கத் தோட்டமா, கம்பனித் தோட்டமா என்பதும் வேண்டாம். துண்டுகளில் வரவு ஒரு பக்கமும் பிடிப்பு மறுபக்கமுமாக இருந்தன. முற்பணம், தேயிலைத் தூள், கோயில், சங்கச் சந்தா என்று வரிசையாக இறங்கிவரும் பிடிப்புகளின் நடுவே, மாதம் ஒன்றுகூடத் தவறாமல், சேமலாப நிதிக்கென்று பிடித்த தொகையும் நின்றது. எழுத்து வாசிக்கத் தெரியாத அவர், அந்த வரியை மட்டும் இடம் பார்த்துச் சரியாக விரலால் தொட்டார். “நான் கேக்கிறது குடுக்கிற காசில்லீங்க ஐயா, புடிச்ச காசு” என்றார்.

கொடுக்கிற காசுக்கும் பிடித்த காசுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை அந்த அம்மாள் அறிந்த அளவுக்கு, அவரைப் போன்றோரின் விஷயத்தைக் கையில் வைத்திருக்கும் மந்திரிமாரும் உத்தியோகத்தரும் அறிந்திருப்பாரானால், இத்தலையங்கம் எழுதவேண்டிய அவசியமே நேர்ந்திராது. தொழிலாளர் நாவில் ‘ஜனவசம’ என்று வழங்கும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை, இலங்கை அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், எல்கடுவ பெருந்தோட்டக் கம்பனி ஆகிய அரச ஸ்தாபனங்களில், வேலை செய்து ஓய்ந்தவர்களுக்குச் சேரவேண்டிய சேமலாப நிதியும், நம்பிக்கைப் பொறுப்பு நிதியும், பணிக்கொடையும் வருஷக்கணக்கில் நிலுவையில் விழுந்த கதை புதிதன்று. பாராளுமன்றத்திலும், அரச ஸ்தாபனங்களின் கணக்கை ஆராயும் கோப் குழுவிலும் அது பலமுறை பிரஸ்தாபிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் வருத்தம் தெரிவிக்கப்பட்டது. கட்டங்கட்டமாகக் கொடுக்கப்படும் என்ற வாக்குறுதியும் தரப்பட்டது. தனியார் முதலாளிகளுள்ளும் இக்குற்றம் செய்தவர் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், சட்டத்தை இயற்றிய கையே அதை மீறும்போது அந்த மீறலுக்கு வேறொரு கனம் வந்துவிடுகிறது.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. 1958-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தைக் கொண்டுவந்த தொழில் மந்திரி டி. பி. இலங்கரத்ன, அரசாங்க எழுதுவினைஞராயிருந்து, 1947-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்திலே உத்தியோகத்தை இழந்தவர். மாதச் சம்பளம் நின்றுபோன வீட்டின் நிலைமையைப் புத்தகத்தில் படித்து அறிந்தவரல்லர். இன்றைய விதிப்படி தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 8 சதவீதம், முதலாளியின் பங்காக 12 சதவீதம், இரண்டும் சேர்த்து அடுத்த மாத முடிவுக்குள் நிதியிற் போய்ச் சேரவேண்டும். அதற்கு மேல் முதலாளி மாத்திரம் செலுத்தவேண்டிய நம்பிக்கைப் பொறுப்பு நிதி 3 சதவீதம். பணிக்கொடையோ, 1983-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கச் சட்டப்படி, நாட்கூலிக்காரருக்கு ஒரு வருஷ சேவைக்கு 14 நாட் கூலி வீதம், வேலையை விட்ட 30 நாளைக்குள் கைக்கு வரவேண்டும். 2024-இல் தீர்மானித்த 1,350 ரூபா நாட்கூலிக்கு மாதம் 20 நாள் பேர் விழுந்த ஒரு பெண்ணுக்குச் சம்பளம் 27,000 ரூபா; அதிலே அவரிடமிருந்து பிடிப்பது 2,160; முதலாளி கூட்ட வேண்டியது 3,240. நகரத்தில் ஒரு கலியாண வீட்டுச் சாப்பாட்டுக்குக் காணாத இந்தத் தொகைதான், மாதம் மாதமாகச் சேர்ந்து, ஓய்வூதியம் என்ற ஒன்றையே அறியாத தோட்டத் தொழிலாளிக்கு முதுமைக் காலத்தில் உள்ள ஒரே ஊன்றுகோல். அரசாங்க உத்தியோகத்தர் ஓய்ந்தபின் மாதந்தோறும் பெறுகிறார். இவரோ வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பெறுவார். அந்த ஒரு முறையும் தவறினால் இன்னொரு முறை கிடையாது.

இந்தத் தோட்டங்களுக்கு முதலாளி யார் என்பதிலே மயக்கம் இருக்கக்கூடாது. 1972-ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டத்தாலும், கம்பனித் தோட்டங்களைத் தொட்ட 1975-ஆம் ஆண்டின் திருத்தத்தாலும், துரைமாரின் தோட்டங்கள் தேசத்தின் சொத்தாயின. 1992-இல் பெரும்பாலானவற்றின் நிருவாகம் இருபதுக்கு மேற்பட்ட கம்பனிகளிடம் போய்விட, பெரும்பாலும் கண்டி, மாத்தளைப் பக்கத்து மத்திய மலைச்சரிவுகளில் கிடந்த மிச்சம் அரசாங்கத்தின் கையிலேயே தங்கிற்று. கண்டிக்குத் தென்கிழக்கே ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள லூல்கந்துர தோட்டம் அவற்றுள் ஒன்று. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொத்லாந்துக்காரர் 19 ஏக்கரில் வர்த்தகப் பயிராக முதன்முதல் தேயிலையை நட்ட அந்த மலையை உல்லாசப் பிரயாணிகள் ஏறிப் பார்க்கிறார்கள். டெய்லர் அமர்ந்த கல்லாசனத்தைப் படம் பிடிக்கிறார்கள். நாட்டுக்குப் புகழ் தேடித்தந்த தொழிலின் மூலஸ்தானம் எந்த ஸ்தாபனத்தின் பொறுப்பிலே இருக்கிறதோ, அதே ஸ்தாபனத்தின் பெயரே கூலி நிலுவைப் பட்டியலிலும் அடிபடுவது அந்தப் புகழுக்கு அழகு செய்வதன்று.

இதனால் விளைவது ஒரு விசித்திரமான நிலைமை. பணத்தைப் பிடித்தது அரசாங்க ஸ்தாபனம். பிடித்ததைச் செலுத்தவில்லையென்று வழக்குத் தொடுக்க வேண்டிய தொழில் ஆணையாளர் அரசாங்க உத்தியோகத்தர். பணத்தை வாங்கிக் காக்க வேண்டியது மத்திய வங்கி. ஸ்தாபனத்துக்குப் பணமில்லை என்றால் கைகொடுக்கவேண்டியது திறைசேரி. தாமதித்த முதலாளிமேல் 5 முதல் 50 சதவீதம் வரை மிகைவரி விதிக்கவும், நிலுவையை நீதவான் நீதிமன்றத்தின் வழியே தண்டப்பணம் போல அறவிடவும் சட்டம் இடங்கொடுக்கிறது. தனியார் கடை முதலாளி ஒருவரைப் பயமுறுத்த இவை போதும். அரசாங்கத்தின் வலது கை இடது கைக்கு அபராதம் விதிப்பதிலே பயம் எங்கிருந்து வரும்? மிகைவரி ஏற ஏறக் காகிதத்தில் கடன் பெருகுகிறதேயன்றி, லயத்துக் காம்பிராவில் அடுப்பு எரியவில்லை. இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். சேமலாப நிதியின் முதலீட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அரசாங்கத்தின் கடன் பத்திரங்களிலேயே இடப்பட்டிருக்கிறது. அதாவது செலுத்தப்பட்ட பணத்தை அரசாங்கம் கடனாக வாங்கிக்கொள்கிறது, செலுத்தவேண்டிய பணத்தை அதன் ஸ்தாபனங்கள் செலுத்தாமல் வைத்துக்கொள்கின்றன. இரண்டு வகையிலும் கடன் கொடுத்தவர் கொழுந்துக் கூடை சுமந்தவர்தாம். பின்னதற்கு அவரிடம் சம்மதங்கூடக் கேட்கப்படவில்லை.

மறுதரப்பார் சொல்லும் சமாதானத்தையும் நாம் அலட்சியம் செய்யவில்லை. தோட்டங்கள் நஷ்டத்தில் நடக்கின்றன, செடிகள் கிழடாகிவிட்டன, மறுநடுகைக்கு முதலில்லை, மத்திய மலைத் தேயிலைக்கு ஏலத்தில் உயர்ந்த விலை கிடைப்பதில்லை என்பார்கள். இவற்றில் உண்மை உண்டு. ஆனால் 8 சதவீதம் என்பது தோட்டத்தின் லாபத்திலிருந்து எடுப்பதன்று; லாபம் வந்தால் கொடுப்பதும் நஷ்டம் வந்தால் நிறுத்துவதுமான தர்மமுமன்று. கூலியாக எண்ணப்பட்டு, துண்டில் வரவு வைக்கப்பட்டு, அந்தக் கணத்திலேயே தொழிலாளியின் உடைமையாகிவிட்ட பணம் அது. அதை எடுத்து உரம் வாங்கியிருந்தாலும் சரி, லொறிக்கு டீசல் அடித்திருந்தாலும் சரி, பிறத்தியார் பொருளைச் செலவு செய்ததற்கு நஷ்டக் கணக்கு ஒரு விடையாகாது. உண்டியலிலே கைவைத்த தர்மகர்த்தா, கோயிலுக்கு வருமானம் குறைந்துவிட்டது என்று சொல்வதை எந்த ஊர் சபை ஏற்கும்?

திறைசேரியின் கஷ்டத்தைச் சொல்வோரும் உளர். 2022-ஆம் ஆண்டு ஏப்ரலிலே வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்க இயலாதென்று அறிவித்த நாடு இது என்பதை மறந்து நாம் எழுதவில்லை. அந்த அறிவிப்புக்குப் பின் நடந்ததென்ன? அந்நிய நாட்டு அரசாங்கங்களையும் முறி வைத்திருந்தோரையும் அழைத்து, மேசையில் இருத்தி, வட்டி எவ்வளவு, தவணை எவ்வளவு என்று மாதக்கணக்கில் பேசினார்கள். கடன்காரர் என்ற முறையில் அவர்களுக்குக் கிடைத்த மரியாதையில் நூற்றிலொரு பங்காவது ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளிக்குக் கிடைக்கவேண்டாமா?

தாமதம் என்ற ஒன்றே எவ்வளவு பெரிய நஷ்டம் என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2018-இல் தோட்டங்களில் அடிப்படை நாட்கூலி 500 ரூபா. அவ்வருஷம் 30 வருஷ சேவையோடு ஓய்ந்த ஒருவருக்குப் பணிக்கொடை 2,10,000 ரூபா. அன்றே கொடுத்திருந்தால் கூரைத் தகரம் மாற்றியிருக்கலாம், மகளுக்கு ஒரு தையல் இயந்திரம் வாங்கியிருக்கலாம், அடகு வைத்த தோட்டை மீட்டிருக்கலாம். கொடுக்கவில்லை. இடையிலே 2022 வந்தது. அவ்வருஷம் செப்டெம்பரில் கொழும்பின் விலைவாசி முந்திய வருஷத்தைவிட ஏறத்தாழ 70 சதவீதம் உயர்ந்து நின்றது. இன்று பணிக்கொடைக்கென்று உள்ள மிகைவரியின் உச்சமான 30 சதவீதத்தையும் சேர்த்துக் கொடுத்தாலும் அவர் கையில் விழுவது 2,73,000 ரூபாதான். அதே 30 வருஷ சேவையோடு, 2024-இல் சம்பளச் சபை தீர்மானித்த 1,350 ரூபா கூலியில் ஓய்ந்தவருக்கோ 5,67,000. ஒரே மலை, ஒரே கொழுந்து, ஒரே முப்பது வருஷம். முந்தி ஓய்ந்த குற்றத்துக்கு ஒருவருக்குப் பாதிக்கும் குறைவு. நிலுவை வைத்தவருக்குத் தாமதம் லாபம் தருகிற ஏற்பாடு எங்கே இருக்கிறதோ, அங்கே தாமதம் ஒருநாளும் தானாகத் தீராது.

பெயர் விஷயம் தனித் துயரம். செக்றோல் என்ற தோட்டப் பெயர்ப் பதிவேட்டிலே எழுதுவினைஞர் ஆங்கிலத்தில் எழுதிய பெயர் ஒன்று, பிறப்புப் பதிவிலே உள்ளது ஒன்று, தேசிய அடையாள அட்டையில் சிங்கள எழுத்தின் வழியாக உருமாறி வந்தது ஒன்று. மாரியாயி ஓரிடத்தில் மாரியாய், இன்னோரிடத்தில் மாரியம்மா, தகப்பன் பெயர் முன்னோ பின்னோ, முதலெழுத்து உண்டோ இல்லையோ. மூன்று பேரும் ஒருவரே என்று நிரூபிக்கச் சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி, கிராம சேவகரிடம் அத்தாட்சி, தோட்டத்துக் காரியாலயத்தில் கடிதம். சேமலாப நிதியைக் கோரும் ‘கே’ படிவத்தை நிரப்பித் தர ஒருவருக்குக் காசு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பஸ் பிரயாணம், ஒரு நாள். முப்பது வருஷம் பெரட்டுக் களத்தில் அந்தப் பெயரைக் கூப்பிட்டபோது, இது யார் என்று கணக்கப்பிள்ளைக்குச் சந்தேகம் வந்ததில்லை. வேலை வாங்கும்போது வராத சந்தேகம் காசு கொடுக்கும்போது வருகிறது. பெயரைத் தவறாக எழுதியது நிருவாகம். திருத்தும் செலவு தொழிலாளிக்கு. இத்தனையும் தாண்டிப் படிவம் கொழும்பைச் சேர்ந்தபின், இன்னின்ன வருஷங்களுக்குப் பணம் வரவு இல்லை என்ற பதில் வருகிறது. அதைப் படித்துச் சொல்லவும் ஒருவரைத் தேடிப் போகவேண்டும்.

ஆகவே, கட்டங்கட்டமாக என்ற சொல்லை அரசாங்கம் இனிக் கைவிடவேண்டும் என்பது நமது அபிப்பிராயம். அரச தோட்டங்களில் ஓய்ந்தோர் அனைவரின் சேமலாப நிதி, நம்பிக்கைப் பொறுப்பு நிதி, பணிக்கொடை நிலுவைகளைத் திறைசேரியே வருகிற வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கி ஒரே தவணையில் கொடுத்துவிட்டு, பிறகு சபைகளிடமிருந்து தன் வசதிப்படி அறவிட்டுக்கொள்ளட்டும். அரசாங்கத்துக்கும் அதன் ஸ்தாபனங்களுக்கும் இடையிலுள்ள கொடுக்கல் வாங்கலிலே காத்திருக்கும் சக்தி அவ்விருவருக்கும் உண்டு. எழுபது வயதுக்காரருக்கு இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் தாமதித்த பணிக்கொடையை, ஓய்ந்த நாளின் கூலியைக்கொண்டு அல்லாமல், கொடுக்கும் நாளின் கூலியைக்கொண்டு கணக்கிடும்படி 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தவேண்டும். நிலுவையைக் கூட்டவே விருப்பம் வராதபடி செய்ய இதைவிட எளிய வழி நமக்குத் தோன்றவில்லை. காணியைக் குத்தகைக்கு விடுவது, மரத்தை வெட்டி விற்பது, நிலத்தைப் பகிர்ந்தளிப்பது என்ற யோசனைகள் ஒவ்வோர் அரசாங்கத்தின் காலத்திலும் எழுவதுண்டு. அந்த வருமானத்தின்மேல் முதல் உரிமை தொழிலாளர் நிலுவைக்கே என்று எழுத்தில் வரும்வரை, அத்தோட்டங்களில் ஓர் ஏக்கரும் கைமாறக்கூடாது.

பெயர்க் குழப்பத்தைத் தீர்க்க ஆணைக்குழு வேண்டியதில்லை. தொழில் திணைக்கள உத்தியோகத்தரும் பிரதேச செயலக உத்தியோகத்தரும் ஒரு நாள் ஒன்றாகத் தோட்டத்துக்குப் போய்ப் பெரட்டுக் களத்திலே மேசை போட்டு உட்கார்ந்தால், எந்த மாரியாயி எந்த மாரியம்மா என்பதை லயமே சாட்சியாக நின்று சொல்லும். யாருக்கு எந்த வருஷத்துக்கு எவ்வளவு என்ற பட்டியலைத் தமிழில் அச்சிட்டு அந்த இடத்திலேயே ஒட்டவேண்டும். இறந்துபோனவர்களின் பெயர்களும் அதில் இருக்கவேண்டும். அவர்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பழைய செக்றோல் புத்தகங்கள் கறையான் அரித்துப்போயின, மாறிய நிருவாகத்தோடு காணாமற்போயின, ஆதலால் பட்டியல் தயாரிக்க அவகாசம் வேண்டும் என்று இனி யாராவது சொல்வாரானால், தேநீர்க் கடையில் நாம் பார்த்த பொலித்தீன் பை இருக்கிறது. அதில் மாதம் ஒன்றும் குறையவில்லை.