அரிசியில் எழுதிய விரலை நோட்டிலும் பிடிப்போம்

ஓம் சக்தி. 

நவராத்திரி நெருங்குது. விஜயதசமி காலையில நம்ம மண்டபத்துல வழக்கம்போல வித்யாரம்பம் நடக்கும். சின்னப் பிள்ளைகளை மடியில் உட்கார வைத்து, விரலைப் பிடித்து, அரிசித் தட்டில் "அ" எழுத வைப்போம். அப்பாமார்கள் படம் எடுப்பாங்க, பாட்டிமார்கள் கண்ணைத் துடைச்சுக்குவாங்க. தட்டு அடுக்குறது, அரிசி போடுறது, வரிசையைப் பார்த்துக்கிறது எல்லாம் தொண்டர்களான எங்க வேலை. எங்களுக்கும் ரொம்பப் பிடிச்ச நாள் அது.

ஆனா ஒரு விஷயத்தை இந்த வருஷம் வெளிப்படையாப் பேசணும்னு நினைக்கிறோம். அந்த விரலை ஒரு நாள் பிடிச்சுட்டு, அதோட நாம விட்டுடுறோம். நாலு வருஷம் கழிச்சு அதே பிள்ளை தேவார வகுப்புக்கு வரும்போது பென்சிலைக் குத்துக்கோல் மாதிரி பிடிச்சிருக்கு. அதை யாரும் பார்க்கிறதில்ல.

எங்க கண்ணைத் திறந்தது ஒரு பையன். இரண்டாம் ஆண்டு படிக்கிறான். பதிகத்தை ராகத்தோட அழகாப் பாடுவான். திருமுறைப் போட்டிக்குப் பாரம் நிரப்பச் சொன்னப்போ, "அக்கா எழுதட்டும்"னு சொல்லி நகர்ந்துட்டான். முதல்ல கூச்சம்னு நினைச்சோம். அப்புறம்தான் தெரிஞ்சது, நோட்டுப் புத்தகத்தை யாருக்கும் காட்டாம பையிலேயே வச்சிருக்கான். "கோழி கிளறின மாதிரி இருக்கு"ன்னு யாரோ சொல்லியிருக்காங்க. யாரோ என்ன, எங்கள்ல ஒருத்தரே சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்றது நமக்கெல்லாம் அவ்வளவு பழக்கம்.

சரி, உதவுவோம்னு ஒரு கையெழுத்து வகுப்பு ஆரம்பிச்சோம். 11 பிள்ளைகள், 2 தொண்டர்கள். எல்லாரையும் தரையில வரிசையா உட்கார வச்சு, ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்து எழுதச் சொன்னோம். மூணு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. நோட்டுகளை எடுத்துப் பார்த்தா, எல்லாப் பிள்ளைக்கும் முதல் வரிதான் நல்லா இருந்தது. கடைசி வரி கோணலாப் போயிருந்தது. கை வலிச்சிருக்கு, வாய் திறந்து சொல்லல. நாங்க எழுத்தைத் திருத்தல, அலுப்பைத்தான் பழக்கிட்டு இருந்தோம்.

நாலாவது வாரம், வேலை ஓய்வு பெற்ற ஒரு தாத்தா அந்தப் பையன் பக்கத்துல சும்மா உட்கார்ந்தார். நோட்டைப் பார்க்காம அவன் கையைப் பார்த்தார். பையன் "ம" எழுத்தை வலப்பக்கத்துல ஆரம்பிச்சுப் பின்னோக்கி எழுதிக்கிட்டு இருந்தான். எழுதி முடிச்ச "ம" கொஞ்சம் கோணலா இருக்கும், அவ்வளவுதான். எங்கே ஆரம்பிச்சான்னு தாளைப் பார்த்து யாருக்கும் தெரியாது. இரண்டு வருஷமா அவனுக்கு ஒவ்வொரு எழுத்தும் மலையேறுற மாதிரி இருந்திருக்கு.

நாங்க சொல்ல வர்றது இதுதான். கையெழுத்துப் பிழை தாள்ல இல்ல, கை போற வழியில இருக்கு. அது எழுதும்போது பக்கத்துல ஒரு ஆள் இருந்து பார்த்தால்தான் தெரியும். வகுப்பு நிறையப் பிள்ளைகளை வச்சிருக்கிற ஆசிரியர் ஒவ்வொரு கையா எப்படிப் பார்ப்பார்? அவங்க மேல குற்றம் இல்ல. நம்ம பிள்ளைகள் 247 தமிழ் எழுத்தோட மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் ரூமி எழுத்தையும் ஒரே சமயத்துல கத்துக்கிறாங்க. அந்தச் சின்னக் கைக்கு அது பெரிய வேலை. பள்ளியில கிடைக்க முடியாத ஒண்ணு கோயில்ல கிடைக்கும்: ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர்.

இப்போ நாங்க செய்றது ரொம்ப எளிது. ஒரு தொண்டர், ஒரு பிள்ளை, 20 நிமிஷம். ஒரு நாளைக்கு ஒரே எழுத்துதான். முதல்ல அரிசித் தட்டு. ஆமா, அதே வித்யாரம்பத் தட்டுதான்! பென்சில் பிடிக்கிற கவலை இல்லாம விரலால எழுதும்போது எழுத்து எங்கே ஆரம்பிச்சு எந்தப் பக்கம் திரும்புதுன்னு பிள்ளைக்குப் புரியுது. பிறகு கட்டம் போட்ட நோட்டு. "ட", "ப" இரண்டும் நேர்கோடுகள்தான், அதனால அங்கே தொடங்குறோம். வளைவு அடுத்து. "ன", "ண" மாதிரி சுழி எழுத்துகள் அதுக்கும் பிறகு. நாம முதல் நாளே எழுத வைக்கிற "அ"வுல சுழியும் வளைவும் கோடும் சேர்ந்தே வருது. சடங்குக்கு அதுதான் முதல் எழுத்து, கைக்கு அது முதல் எழுத்து இல்ல.

அழிப்பான் கிடையாது. ஏழெட்டு தடவை எழுதின பிறகு, "இதுல உனக்குப் பிடிச்சது எது?"ன்னு கேட்போம். பிள்ளையே வட்டம் போடும். பெரும்பாலும் சரியாத்தான் போடுது.

நாங்களும் கத்துக்கிட்டோம். அன்னதான மேசை பிள்ளைகளுக்கு உயரம், கால் தொங்குது. காலுக்குக் கீழே ஒரு மரப்பலகை போட்டதும் முதுகு நிமிர்ந்தது. முஷ்டி மடக்கிப் பிடிக்கிற பிள்ளைக்கு ஒடிஞ்ச குட்டி வண்ணக்குச்சியைக் கொடுத்தோம். அவ்வளவு சின்னதை விரல் நுனியாலதான் பிடிக்க முடியும். அம்பாளுக்குப் பூ கட்டுறப்போ, விளக்குத் திரி திரிக்கிறப்போ பிள்ளைகளையும் கூட உட்கார வச்சுக்கிறோம். விரலுக்கு நல்ல பயிற்சி, அம்பாளுக்கும் சேவை.

ஒரு நாள் சிரிப்பும் நடந்தது. தாத்தா பழைய முறையில துதிக்கை வச்ச "லை" எழுதிக் காட்ட, "தாத்தா, தப்பு!"ன்னு ஒரு குட்டி கையைத் தட்டிவிட்டது. எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு 1978-ல் நடைமுறைக்குக் கொண்டு வந்தது. அதுக்கப்புறம் இங்கேயும் பாடநூல் மாறிடுச்சு. அதனால சொல்லிக்கொடுக்க வர்ற பெரியவங்க முதல்ல பிள்ளையோட பாடநூலை ஒரு தடவை புரட்டிப் பார்த்துடுறது நல்லது.

இனி, எங்க காதுக்கு வந்த பேச்சுகள்.

"எல்லாரும் ஹென்போன்ல தட்டுற காலத்துல கையெழுத்து எதுக்கு?" பரீட்சைத் தாள்ல இன்னைக்கும் கையாலதான் எழுதுறாங்க. விடை தெரிஞ்சும் எழுதி முடிக்க முடியாத பிள்ளைக்கு, தனக்கு மூளை இல்லைன்னு ஒரு நினைப்பு வந்துடும். அந்த நினைப்புதான் எங்களுக்குப் பயம்.

"கோயில்ல எதுக்கு இந்த வேலை?" தந்தத்தை ஒடிச்சு பாரதம் எழுதினவரைக் கும்பிடுறோம். சரஸ்வதி பூசைக்குப் புத்தகத்தையும் பேனாவையும் வச்சுப் படைக்கிறோம். இந்த வேலைக்குக் கோயிலை விடப் பொருத்தமான இடம் எது?

"கோயில்ல இடது கையால எழுத விடுறீங்களே?" இதுல எங்களுக்குள்ளேயே வாக்குவாதம் வந்தது. பிரசாதம் வாங்க வலது கை, வித்யாரம்பத்துக்கு வலது கை. மரபை நாங்க மறுக்கல. ஆனா நோட்டுல எழுத எந்தக் கை இயல்பா வருதோ அந்தக் கைதான். அடிச்சு மாத்தினா எழுத்தும் கெடும், பிள்ளையும் கோயிலுக்கு வரப் பயப்படும். இடது கைப் பிள்ளைக்கு நோட்டோட மேல்பக்கத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ச்சு வையுங்க, கை மடங்காம எழுதும். பாட்டிமார்களே, இதை மட்டும் தயவுசெய்து எங்களுக்காகப் பொறுத்துக்குங்க.

இரண்டு விஷயத்துல நாங்க கண்டிப்பா இருக்கோம். பாடம் எப்பவும் திறந்த மண்டபத்துல, எல்லார் கண் முன்னாலதான். பிள்ளையோட வீட்டு ஆள் ஒருத்தர் அங்கேயே இருக்கணும். இன்னொண்ணு, எவ்வளவு பழகியும் ஒரு பிள்ளைக்கு எழுத்து ரொம்பச் சிரமமாவே இருந்தா, சோம்பேறின்னு முத்திரை குத்தாம அரசாங்க கிளினிக்ல காட்டச் சொல்றோம். எழுதுறதுல மட்டும் வர்ற குறைபாடும் உண்டு. அதுக்குப் பயிற்சி கொடுக்கிற நிபுணர்கள் இருக்காங்க. நாங்க தொண்டர்கள், மருத்துவர்கள் இல்ல.

நிர்வாகத்துக்கு எங்க வேண்டுகோள்: வருஷத்துக்கு ஒரு தடவை பரிசும் கோப்பையும் கொடுக்கிறதோட நிறுத்தாம, ஞாயிறு காலை தேவார வகுப்பு முடிஞ்சதும் மண்டபத்துல நாலு மேசை ஒதுக்கிக் கொடுங்க. பென்சிலுக்கும் நோட்டுக்கும் ஆகிற செலவு ஒரு நாள் மாலைச் செலவுகூட வராது.

பக்தர்களுக்கு எங்க வேண்டுகோள்: காசு வேண்டாம், உங்க 20 நிமிஷம் வேணும். பத்து ஞாயிறு, ஒரே பிள்ளை. ஆசிரியராத்தான் இருக்கணும்னு இல்ல. கையைப் பாருங்க, திட்டாதீங்க, சரியான நேரத்துல நிறுத்துங்க. இது போதும்.

அந்தப் பையன் போன வெள்ளிக்கிழமை அம்மாவோட வந்தான். அர்ச்சனைச் சீட்டுல தன் பேரையும் நட்சத்திரத்தையும் தானே எழுதினான். "ரோகிணி"ல "ணி"க்கு ஒரு சுழி கூடுதலாப் போச்சு. குருக்கள் ஐயா சீட்டை வாங்கிப் பார்த்து, யாரையும் கேட்காம, சத்தமா வாசிச்சார். பையன் அம்மாவோட சேலையைப் பிடிச்சு இழுத்து, "அம்மா, ஐயாவுக்குப் புரிஞ்சிடுச்சு"ன்னான்.

விஜயதசமிக்கு வர்றப்போ மண்டப வாசல்ல ஒரு பெயர்ப் பட்டியல் வச்சிருப்போம். உங்க பேரையும் எழுதிட்டுப் போங்க.

எல்லாம் அவள் செயல். ஓம் சக்தி.