குலுக்கல் சொன்ன உண்மை

ஒருவர் நாடு விட்டு நாடு போய் உழைத்தால் எவ்வளவு முன்னேறுவார்? கேள்வி எளிது, விடை கடினம். புறப்படுகிறவர்களில் பலர் இயல்பிலேயே துணிச்சலும் திறமையும் மிக்கவர்கள். அவர்கள் உயர்ந்தால் அது இடம் மாறியதன் பலனா, சொந்தத் திறமையின் பலனா?

இந்தச் சிக்கலைப் பசிபிக் தீவு நாடான டோங்காவில் அவிழ்த்தவர்கள் டேவிட் மெக்கென்சி, ஜான் கிப்சன், ஸ்டீவன் ஸ்டில்மன் ஆகிய பொருளியலாளர்கள். டோங்கா மக்களுக்கு ஆண்டுக்கு 250 இடங்களை ஒதுக்கிய நியூசிலாந்து, குலுக்கல் முறையில் அவர்களைத் தேர்ந்தெடுத்தது. சீட்டு விழுந்தவரையும் விழாதவரையும் பிரித்தது அதிர்ஷ்டம் மட்டுமே. இரு தரப்பையும் ஒப்பிட்டபோது, சென்றவர்களின் வருமானம் 263 சதவீதம் உயர்ந்திருந்தது.

அதே ஆய்வாளர்கள் மறுபக்கத்தையும் மறைக்கவில்லை. உழைக்கும் கரம் போய்விட்டதால், ஊரில் தங்கிய உறவினரின் நிலை தொடக்கத்தில் பெரும்பாலும் தாழ்ந்ததையும் பதிவு செய்தார்கள். ஆனால் 2007இல் நியூசிலாந்து தொடங்கிய பருவகால வேலைத் திட்டத்தை மெக்கென்சியும் கிப்சனும் ஆராய்ந்தபோது, பங்கேற்ற டோங்கா, வனுவாட்டு குடும்பங்களின் தலா வருமானம் 30 சதவீதத்துக்கும் மேல் கூடியிருந்தது.

ஏழை நாட்டு உழைப்பாளிக்கு நியாயமான வழி திறப்பது பெரும் வளர்ச்சிப் பணி என்பதை இந்த ஆய்வுகள் உணர்த்துகின்றன. குடியேற்றம் பற்றி அச்சமும் ஆவேசமும் ஓங்கி ஒலிக்கும் காலம் இது. பல்லாண்டு பொறுமையுடன் வீடு வீடாகத் திரட்டிய சான்றுகளுக்கு அரசுகள் செவிசாய்க்க வேண்டும். சென்றவரின் உரிமையையும் தங்கியவரின் நலனையும் சேர்த்துக் காப்பதே நல்ல கொள்கை.